மூக்கு அழகு ஆபரேஷன் கேட்கும் பிள்ளைகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடைபெற்ற குடும்பநலக் கூட்டங்களில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. டயாலிசிஸ், இருதய ஆபரேஷன், கண்புரை, பிரசவச் செலவு. இவற்றுக்கு நடுவே சில ஆண்டுகளாக வேறொரு மனுவும் வருகிறது. மகளுக்கு மூக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும், வரன் தள்ளிப் போகிறது, வட்டியில்லா அழகிய கடனாகத் தந்தால் மாதாமாதம் கட்டி விடுகிறோம் என்று எழுதியிருப்பார்கள். மகனுக்காகவும் கேட்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அப்படி ஒரு மனு வந்தால் அதன் பின்னால் ஒரு வீடே தூக்கமில்லாமல் கிடக்கிறது என்பதை நேரில் போய்ப் பார்த்திருக்கிறோம். கமிட்டியில் இதைப் பேசும்போது, "இதெல்லாம் ஒரு மனுவா, கிழித்துப் போடுங்கள்" என்று சொன்னவர்களும் உண்டு. "பிள்ளை அழுகிறதே, கொடுத்து விடலாமே" என்றவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். மூக்கில் ஆபரேஷன் என்றாலே தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். நடுத்தண்டு வளைந்து மூச்சு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். உதடு, அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு மூக்கும் சேர்ந்து கோணியிருக்கும். நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் வாரம் தவறாமல் நடக்கும் விபத்துகளில் முகம் நொறுங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு மூக்கைச் சீரமைப்பது சிகிச்சை. மார்க்கத்திலும் இதற்குத் தெளிவான முன்னுதாரணம் உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் குலாப் என்ற இடத்தில் நடந்த சண்டையில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியில் ஒரு மூக்கு செய்து பொருத்திக் கொண்டார்கள், அது நாற்றமெடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்து கொள்ளச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸயீ ஆகிய நூல்களில் இந்தச் செய்தி வருகிறது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்ட மார்க்கத்தில், ஒரு மனிதர் நாலு பேர் நடுவே நடமாட வேண்டும் என்பதற்காகத் தங்க மூக்குக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

மூக்கை மீண்டும் உருவாக்கும் கலையே நம் நாட்டில் வளர்ந்ததுதான். சுஸ்ருதர் பெயரில் வழங்கும் பழைய வைத்திய நூலில் அதன் முறை இருக்கிறது. 1794-ல் லண்டனில் வெளியான ஜென்டில்மேன்ஸ் மேகஸின் என்ற பத்திரிகையில் ஒரு செய்தி படத்துடன் வந்தது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் 1792 போரில் பிடிபட்டு, மூக்கு அறுக்கப்பட்டார். அறுத்தது திப்பு சுல்தானின் படை என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம். வரலாறு நமக்குப் பிடித்த மாதிரி மட்டும் இருக்காது. பிறகு புனேயில், குயவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி மூக்கு வைத்துக் கொடுத்தார். ஆங்கில மருத்துவர்கள் அருகில் இருந்து பார்த்து எழுதினார்கள். அதைப் படித்துத்தான் லண்டனில் கார்ப்யூ என்ற சர்ஜன் 1814-ல் அந்த முறையைச் செய்து பார்த்தார்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு. இங்கே இருக்கும் வயதானவர்களுக்குத் தெரியும், நம் பழைய தென்னாற்காடும் பக்கத்துச் செங்கல்பட்டும் தொழுநோய் அதிகம் இருந்த பகுதிகள். திண்டிவனத்துக்கு வடக்கே பொலம்பாக்கத்தில் பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் 1955-ல் தொழுநோய் மையம் தொடங்கினார்கள். மருந்தில் கிருமி ஒழிந்த பிறகும் பலருக்கு மூக்குத் தண்டு உள்ளே அமுங்கியே இருக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்ததும் டீக்கடையில் கிளாஸ் தர மாட்டார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் அப்படிப்பட்டவர்களின் விரல்களைச் சரிசெய்ததோடு, மூக்கையும் புருவத்தையும் திரும்ப வைத்துக் கொடுத்தார்கள். மூக்கு நிமிர்ந்ததும் ஊர் அவர்களைத் திரும்பச் சேர்த்துக் கொண்டது. குறை கண்ணுக்குத் தெரிந்தது, ஆபரேஷன் அதை நீக்கியது, வாழ்க்கை மாறியது.

இப்போது நம்மிடம் வரும் மனுக்களுக்கு வருவோம்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். ஊரையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறோம், யார் என்று யாரும் தேட வேண்டாம். டிப்ளமோ முடித்த பையன். அத்தாவுக்குச் சின்ன வியாபாரம். பையன் ஒன்றரை வருடமாக வேலைக்குப் போகவில்லை. ஜும்ஆவுக்கு வந்தாலும் கடைசி ஸஃப்பில் ஓரமாக நின்று ஸலாம் கொடுத்ததும் போய் விடுவான். மூக்கின் நுனி பெரியது, எல்லோரும் அதையே பார்க்கிறார்கள் என்பது அவன் சொன்ன காரணம். அவன் அம்மா வளையலை அடகு வைத்து ஒரு தனியார் இடத்தில் ஆபரேஷன் செய்து வைத்தார். கட்டுப் பிரித்ததும் இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தான். அப்புறம், நுனி சரியாகி விட்டது, ஆனால் இப்போது ஒரு துவாரம் மற்றதைவிட மேலே இருக்கிறது என்று ஆரம்பித்தான். இரண்டாவது ஆபரேஷனுக்குத்தான் நம்மிடம் மனு வந்தது. மனுவோடு ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் எடுத்த போட்டோக்களை வைத்திருந்தார்கள். கமிட்டியில் ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். முன்பு எடுத்ததிலும் குறை தெரியவில்லை, பின்பு எடுத்ததிலும் தெரியவில்லை. எது முன்பு, எது பின்பு என்றே ஒருவருக்குக் குழப்பம் வந்து விட்டது.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. வேலைக்குப் போகச் சோம்பல் பட்டு நடிக்கவும் இல்லை. அவனுக்கு அந்தக் குறை உண்மையாகவே தெரிகிறது. மற்றவர் கண்ணுக்குப் படாத, அல்லது பட்டும் படாமல் இருக்கும் ஒரு சிறு விஷயம், அவன் மனதில் மலையாக நிற்கிறது. இதற்கு மருத்துவத்தில் 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்' என்று பெயர். உடல் தோற்றம் பற்றிய மனக்கோளாறு என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். புதிதாக வந்த ஃபேஷன் நோய் இல்லை. இத்தாலியில் மோர்செல்லி என்ற மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, எண்ணச் சுழற்சி நோய் என்று நாம் சொல்கிற ஓ.சி.டி.யின் குடும்பத்தில் இதைச் சேர்த்தது.

எண்ணச் சுழற்சி என்றால் என்ன என்று நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஹவுளில் உட்கார்ந்து உளூ செய்து கொண்டே இருப்பவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முழங்கை நனைந்ததா, நனையவில்லையா? திரும்பக் கழுவுவார். எழுந்திருப்பார், மறுபடி உட்காருவார். ஜமாஅத் முடிந்து விடும். வஸ்வாஸ் என்போம். நனைந்து விட்டது என்று பக்கத்தில் இருப்பவர் சத்தியம் செய்தாலும் அவர் மனம் ஏற்காது. ஏற்றாலும் ஒரு நிமிடத்துக்குத்தான். இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணாடிதான் ஹவுள். பார்க்கிறார்கள், தடவுகிறார்கள், பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கிறார்கள், "அம்மா, மூக்கு நல்லா இருக்கா?" என்று கேட்கிறார்கள். நல்லா இருக்கு என்றால் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு திரும்பவும் கேள்வி. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் எழுதியவர். பயம், கோபம், துக்கம் ஆகியவற்றோடு இந்த வஸ்வாஸையும் மனதின் நோய்களில் ஒன்றாகத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார். நம் முன்னோர் இதை நோய் என்று கண்டார்கள். நாம்தான் இதைப் பிடிவாதம், திமிர் என்கிறோம்.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பொதுமக்களில் நூற்றுக்குச் சுமார் 2 பேர். அழகு ஆபரேஷனுக்கு வருபவர்களில் நூற்றுக்கு 13. மூக்கு ஆபரேஷனுக்கு வருபவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 20. பெல்ஜியத்தில் லூவன் நகரத்து மருத்துவமனையில் மூக்கு ஆபரேஷன் கேட்டு வந்த 226 பேரைப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு இந்தக் கோளாறின் அறிகுறிகள் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தன. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மூக்கின் வடிவத்துக்கு மருத்துவர் போட்ட மதிப்பெண்ணுக்கும் நோயாளி தனக்குத் தானே போட்டுக் கொண்ட மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. ஆக, வெளியூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூக்குக்காகக் காத்திருக்கும் ஐந்து பேரில் ஒருவராவது வந்திருக்க வேண்டிய இடம் வேறு. இது வெளிநாட்டுக் கணக்குதான். ஆனால் மனித மனம் எங்கும் ஒன்றுதான்.

இவர்களுக்கு ஆபரேஷன் செய்தால் என்ன ஆகிறது? பெரும்பாலோருக்கு நோய் குறைவதில்லை. சிலருக்குக் கூடுகிறது. சிலருக்கு மூக்கை விட்டு விட்டுத் தாடைக்கோ, தோலுக்கோ, முடிக்கோ போகிறது. மூக்கு ஆபரேஷனில் வீக்கம் முழுதாக வடிந்து இறுதி வடிவம் தெரியவே ஒரு வருடம் ஆகும். மனம் சரியாக இருப்பவருக்கே அது பொறுமையைச் சோதிக்கும் காலம். தினமும் மூன்று மணி நேரம் கண்ணாடி பார்ப்பவருக்கு அந்த ஒரு வருடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேலும், கை தேர்ந்த மருத்துவர் செய்தாலும் ஆபரேஷன் ஆபரேஷன்தான். நடிகை பிரியங்கா சோப்ரா 2021-ல் வெளியிட்ட தன் வரலாற்றில், மூக்கின் உள்ளே வளர்ந்த சதையை எடுக்கப் போய், தவறுதலாகத் தண்டு சீவப்பட்டு மூக்கே சரிந்து விட்டதையும், அதைச் சரிசெய்ய மேலும் சிகிச்சைகள் தேவைப்பட்டதையும் எழுதியிருக்கிறார். பணமும் புகழும் உள்ளவருக்கே அந்தக் கதி. பொதுவாக மருத்துவக் காப்பீடும் அழகுக்கான ஆபரேஷனுக்குப் பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் போன்றவற்றுக்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்குத்தான் தரும்.

பிள்ளைகள் கையில் இருக்கும் போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் போனைப் பிடித்துத் தன் முகத்தைத் தானே எடுத்தால் மூக்கு பெரிதாகத்தான் விழும். கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு, காது பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில், 5 அடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கம் இல்லாத அகலத்தைப் போன் காட்டுகிறது. மறுபக்கம் ஃபில்டர் போட்டு இல்லாத கூர்மையையும் அதுவே காட்டுகிறது. பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக் கொள்கிறது. வீட்டில் ஒருவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று படம் எடுத்துக் காட்டுங்கள். இது நோய்க்கு மருந்தாகாது. ஆனால் நோய் இல்லாத பிள்ளைகளின் வீண் கவலையில் பாதி அங்கேயே தீர்ந்து விடும்.

போனை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக் கொள்ள முடியாது. நம் பேச்சிலேயே, அழகு என்றால் மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்போம். சப்பை மூக்கு, கிளி மூக்கு, குடமிளகாய் மூக்கு என்று நன்னியில் இருந்து மாமி வரை பிள்ளைக்குப் பெயர் வைத்துச் செல்லம் கொஞ்சுவதாக நினைக்கிறோம். பெண் பார்க்க வந்த இடத்தில், பிரியாணி சாப்பிட்டு விட்டு, "பொண்ணு நெறம் பரவாயில்ல, மூக்குதான் கொஞ்சம்..." என்று இழுத்து விட்டுப் போகிறார்கள். பேச்சை முடிக்கக் கூட மாட்டார்கள். அந்தப் பாதி வாக்கியத்தை அந்தப் பெண் வருடக்கணக்கில் முடித்துக் கொண்டே இருப்பாள். மணமுடிக்கும் பெண்ணைப் பார்த்துக் கொள்ளும்படி முகீரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது உண்மை. பிடிக்கவில்லை என்றால் கண்ணியமாக, காரணம் சொல்லாமல் விலகுவதற்கும் வழி இருக்கிறது. பட்டப்பெயர் வைத்து அழைப்பதைக் குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுத்திருக்கிறது. இதை மேடையில் ஓதும் நம் வீடுகளிலேயே பட்டப்பெயர் இல்லாத பிள்ளை இல்லை. பாடகர் மைக்கேல் ஜாக்சன், தன் தந்தை சிறு வயதில் தன் மூக்கைக் கேலி செய்ததை 2003-ல் வந்த தொலைக்காட்சிப் பேட்டியில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகும், வேதனையோடு சொன்னார். அவருக்கு என்ன நோய் என்று சொல்ல நாம் மருத்துவர் இல்லை. தகப்பன் சொன்ன சொல் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதற்காகச் சொன்னோம்.

கேலி மட்டுமே இந்த நோயை உண்டாக்கி விடாது. பரம்பரை, மூளையின் வேலை, சுபாவம் என்று பல காரணங்கள் சேர்கின்றன. ஒரே வீட்டில் ஒரே கேலியைக் கேட்ட இருவரில் ஒருவர் சிரித்து விட்டுப் போவார், மற்றவர் உள்ளேயே சுருங்குவார். ஆகையால் பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரிந்தால், யாருடைய தப்பு என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். அத்தா வழியா அம்மா வழியா என்று தேடிக் கொண்டிருப்பதால் ஒரு பயனும் இல்லை.

நம் சமுதாயத்தில் இன்னொரு பழக்கம். பிள்ளை இப்படிச் சொன்னதும், "அல்லாஹ் கொடுத்த முகத்தில் குறை சொல்கிறாயா? ஈமான் இருக்கிறதா உனக்கு?" என்று கேட்டு விடுகிறோம். அழகுக்காக மட்டும் படைப்பை மாற்றுவதை மார்க்கம் கண்டிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. 2007-ல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் அதைத்தான் சொன்னது. உதட்டுப் பிளவு, மூக்கில் கடுமையான கோணல் போன்ற குறைகளைச் சரிசெய்வது கூடும். சாதாரணமாக இருக்கும் மூக்கை ஆசைக்காகவும் பிறரைப் பார்த்தும் மாற்றிக் கொள்வது கூடாது. ஆனால் ஃபத்வாவை நோயாளியின் தலையில் கல்லாகப் போடுவது வேறு. உளூவில் வஸ்வாஸ் உள்ளவர் ஈமான் குறைந்தவர் இல்லையே. பார்க்கப் போனால் பயம் மிகுந்தவர். அதே போல இந்தப் பிள்ளையும் அல்லாஹ்வின் மேல் குறை சொல்லவில்லை. தன் மேல்தான் சொல்கிறது. ஏற்கெனவே வெட்கத்தில் குன்றியிருக்கும் பிள்ளைக்கு ஈமானும் போய் விட்டது என்று சொன்னால், அது தொழுகைப் பாயையும் சுருட்டி வைத்து விடும்.

ஸாஹிர் (ரலி) என்ற கிராமத்து ஸஹாபி இருந்தார். பார்க்க அழகில்லாதவர் என்றே அறிவிப்புகளில் வருகிறது. அவர் சந்தையில் சரக்கு விற்றுக் கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் பின்னால் வந்து கட்டிப் பிடித்துக் கொண்டு, இந்த அடிமையை வாங்குவது யார் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். தான் விலை போகாத சரக்கு என்றார் அவர். அல்லாஹ்விடம் நீர் விலை குறைந்தவர் இல்லை என்று பதில் வந்தது. அந்த இடத்தில் நபியவர்கள் முதலில் செய்தது கட்டிப் பிடித்தது. சொல் பிறகுதான் வந்தது.

மந்திரிக்கக் கூட்டிப் போவது பற்றி நீங்கள் கேட்பீர்கள். துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி நடந்து வந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பெற்றவர்களே கொண்டு வந்து விட்டுப் போன பிள்ளைகள் அவர்கள். அதற்குப் பிறகுதான் நாடு விழித்தது. இன்று அதே ஏர்வாடியில் 'தவா–துவா' என்ற பெயரில் துஆவுடன் மருந்தும் தரும் திட்டம் வந்திருக்கிறது. குஜராத்தில் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் தொடங்கிய முறை அது. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவிய நபியின் உம்மத்துக்கு இது புதிய செய்தி இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? வயசுக்கு வந்த பிள்ளைகள் கண்ணாடி பார்ப்பது இயல்பு, அதையெல்லாம் நோய் என்று கிளம்பி விடாதீர்கள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே எண்ணம், அதனால் படிப்போ வேலையோ தொழுகையோ தடைப்படுகிறது, கல்யாண வீட்டுக்கு வர மறுக்கிறது, மற்றவர் யாரும் காணாத குறையைச் சொல்கிறது என்றால் யோசிக்க வேண்டும். சிலர் கண்ணாடியை விட்டு நகர மாட்டார்கள். சிலர் வீட்டில் உள்ள கண்ணாடியையெல்லாம் துணி போட்டு மூடி விடுவார்கள். கை எப்போதும் மூக்கின் மேலேயே இருக்கும். கொரோனா போய் இவ்வளவு காலமாகியும் மாஸ்க்கைக் கழற்றாத பிள்ளைகள் இருக்கிறார்கள். சகோதரிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக் கொள்ளாதீர்கள். மார்க்கத்துக்காக நிகாப் அணிவது வேறு; வீட்டுக்குள்ளேயே சொந்த அண்ணன் தம்பி முன்னால் முந்தானையால் மூக்கை மூடிக் கொண்டே சாப்பிடுவது வேறு. இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்குகிறது. ஆண், பெண் என்ற பெரிய வித்தியாசமும் கிடையாது. வெளிநாட்டு ஆய்வுகளில் இந்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எப்போதாவது உயிரை மாய்த்துக் கொள்ள முயன்றிருக்கிறார்கள். ஆகவே, "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டலாக எடுத்துக் கொள்ளாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

இதற்குச் சிகிச்சை உண்டு, அல்ஹம்துலில்லாஹ். இரண்டு வழி. ஒன்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுப் பயிற்சி. கண்ணாடி பார்க்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, முகத்தை மறைக்காமல் கடைத்தெருவுக்குப் போய் வருவது என்று படிப்படியாகப் பழக்குவார்கள். இன்னொன்று, ஓ.சி.டி.க்குத் தரும் மாத்திரைகள். இவை தூக்க மாத்திரை இல்லை, போதைப் பழக்கமும் ஆகாது. ஆனால் வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்கில் ஆகும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், மூக்கைப் பற்றிய வாதத்தில் இறங்கக் கூடாது. அழகாக இருக்கிறது என்று நூறு தடவை சொல்வதாலும் பயனில்லை, விட்டுத் தொலை என்று திட்டுவதாலும் பயனில்லை. "மூக்கைப் பற்றி நாம் பேச வேண்டாம், நீ இவ்வளவு கஷ்டப்படுகிறாயே, தூக்கம் கூட இல்லையே, அதற்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பல பிள்ளைகள் வருவார்கள். கஷ்டப்படுவது அவர்களுக்கே தெரியும்.

அந்தப் பையனிடமும் நாங்கள் இப்படித்தான் பேசினோம். முதல் இரண்டு தடவை, "என்னைப் பைத்தியம்னு சொல்றீங்களா பாய்?" என்று எழுந்து போய் விட்டான். மூன்றாம் தடவை அவன் அம்மாவுக்காக வந்தான். இப்போது ஒரு வருடத்துக்கு மேல் சிகிச்சையில் இருக்கிறான், ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறான். மூக்கு சரியாகி விட்டது என்று அவன் இன்றும் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுவதும் அதை நினைப்பதில்லை என்கிறான். அடகு வைத்த வளையல் இன்னும் மீட்கப்படவில்லை.

எங்கே போவது என்பதையும் சொல்லி விடுகிறோம். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. மனநலப் பிரிவு உண்டு. திண்டிவனத்தில் இருப்பவர்கள் விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் போகும் பஸ்ஸில் வழியிலேயே இறங்கிக் கொள்ளலாம். புதுச்சேரி பக்கம் வசதி என்றால் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவமும் பிளாஸ்டிக் சர்ஜரியும் ஒரே வளாகத்தில் உண்டு. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். 104-லும் பேசலாம். வெளியே தெரிந்தால் வரன் வராது என்று பயப்படுகிறீர்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை. அதே சட்டம், உடல் நோய்க்குத் தருவது போல மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சொல்கிறது.

கமிட்டி எடுத்திருக்கும் முடிவு இது. விபத்து, பிறவிப் பிளவு, மூச்சடைப்பு, நோயால் சிதைந்த மூக்கு இவற்றுக்கு வழக்கம் போல் பைத்துல்மாலில் இருந்து உதவி உண்டு. அழகுக்காக என்று வரும் மனுவைக் கிழித்துப் போடவும் மாட்டோம், அப்படியே கடன் தரவும் மாட்டோம். முதலில் மனநல மருத்துவரைப் பார்த்து வர வேண்டும். அதற்கான பஸ் செலவு, மாத்திரைச் செலவு, வேலைக்குப் போகாத நாள் கூலி எல்லாம் அறக்கட்டளை ஏற்கும், கடனாக இல்லாமல். பெண் பிள்ளைகளுடன் போய் வர நம் மகளிர் பிரிவில் இரண்டு சகோதரிகள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். மனுவில் 'மருத்துவ உதவி' என்று மட்டும் எழுதினால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. ஜும்ஆ முடிந்து அலுவலகத்தில் இருப்போம். கூட்டமாக இருக்கிறதே என்று தயங்குபவர்கள் அஸருக்குப் பிறகு வரலாம். அந்த நேரத்தில் அறையில் ஒருவர்தான் இருப்பார்.

வஸ்ஸலாம்.